மேகம் என்று தூக்கிப்போட்ட புள்ளிகள்

மார்ச் 4

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அலுவலகத்தில் ஏசி ஓடவில்லை. இதற்கு மேல் எழுத எதுவும் இல்லாத நாளாகவே முடிந்திருக்க வேண்டும். மத்தியானம் நட்சத்திரம் ஒன்றின் நாற்பது வருடத்து வெளிச்ச அளவுகளை எடுத்து ஒரே வரைபடத்தில் போட்டுத் தொலைத்தேன்.

பெரும்பாலும் சீராகத்தான் ஒளிர்கிறது. திடீரென்று சில நாட்களில் பத்தில் ஒரு பங்காக மங்குகிறது. பிறகு வாரக்கணக்கில் மெல்லத் தெளிகிறது. இதை இரட்டை நட்சத்திரம் என்று வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள்: ஒன்றையொன்று சுற்றும் இரண்டு, ஆறு வருடத்துக்கு ஒருமுறை ஒன்று மற்றதை மறைக்கிறதாம். ஆனால் அந்த ஆறு வருடக் கணக்கில் அடங்காத மங்கல்கள் வரைபடம் முழுக்கக் கிடக்கின்றன. அப்படி வகைப்படுத்திய மூலக் கட்டுரையில் அவை எங்கே போயின என்று தேடினேன். அடிக்குறிப்பில் ஒரு வரி: மேகத்தால் கெட்ட அளவுகள் நீக்கப்பட்டன.

நீக்கியது என் அக்கா. அவளைப் பேராசிரியர் ஆக்கியதே அந்தக் கட்டுரைதான்.

மார்ச் 6

போன் செய்து கேட்டேன். பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் கெட்ட புள்ளிடி. நான் அதைப் பாத்துப் பத்து வருஷம் ஆச்சு. நீ இப்பதான் பாக்கறே” என்றாள். பின்னால் குக்கர் சத்தம். சமைத்துக்கொண்டே பதில் சொல்கிறாள்! என் கேள்விக்கு அவ்வளவுதான் மரியாதை.

மார்ச் 7

மூன்று நாடுகளில் மூன்று தொலைநோக்கிகள், ஒரே வாரம், இந்த ஒரு நட்சத்திரத்துக்கு மட்டும் மேகம். ரொம்ப விவரமான மேகம்.

மார்ச் 22

ஞாயிற்றுக்கிழமை. அக்காவும் அத்தானும் சாப்பிட வந்தார்கள். பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். அம்மாவே, சின்னவ ஏதோ புதுசா கண்டுபிடிச்சிருக்காளாமே என்று எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

சொன்னேன். இது இரட்டை இல்லை, வயதான ஒற்றை நட்சத்திரம். அவ்வப்போது கரிப்புகையைக் கக்கி, தன் முகத்தைத் தானே மூடிக்கொள்கிற வகை. அதனால்தான் மங்கலுக்குக் காலக்கணக்கே இல்லை. அக்கா தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

“இவளுக்கு என்னை ஜெயிக்கணும். அதுக்கு ஒரு நட்சத்திரம் கெடைச்சிருக்கு.”

அத்தான் தண்ணீர் குடித்தார். அம்மா எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள், வாயை அடைக்கிற மாதிரி. எழுந்து கை கழுவப் போய்விட்டேன். பதில் சொல்லாமல் வந்தது இன்னும் எரிகிறது. ஜெயிக்க வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்திலேயே ஜெயித்திருப்பேனே? — சரி, பள்ளிக்கூடத்தில் ஜெயிக்கவில்லை. அது வேறு.

ஏப்ரல் 10

கட்டுரையை ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். எங்கள் ஆய்வு மைய இயக்குநர் கூப்பிட்டு, “குடும்பச் சண்டையை ஆராய்ச்சிக்குள்ள கொண்டு வராதீங்கம்மா” என்றார். சொந்தத் தம்பியோடு சேர்ந்து ஏழெட்டுக் கட்டுரை எழுதியவர். அப்போதெல்லாம் அது குடும்பம் இல்லை போல.

மே 19

நிராகரித்துவிட்டார்கள். பெயர் சொல்லாத மதிப்பீட்டாளர் எழுதியிருக்கிறார்: ‘ஆசிரியர் காண விரும்புவதையே காண்கிறார்.’

பெயர் எதற்கு? அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? பாவாடை கட்டிய நாளிலிருந்து கேட்கிற குரல். நேருக்கு நேர் சொல்ல முடியாததை முகமூடி போட்டுக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

இனி அவளோடு பேச்சில்லை.

மே 31

அம்மா: “ரெண்டு பேரையும் பெத்தது நான். யாரு கண்ணுக்கும் தெரியாத ஒண்ணுக்காக மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க. நான் யாருகிட்ட போய்ச் சொல்ல?”

தொலைநோக்கியில் தெரியும் என்றேன். அதற்கு இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

ஜூன் 25

அக்காவின் கணக்குப்படி இந்த மாதம் மறைப்பு வர வேண்டும். அவள் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் வாரத்தோடு போட்டிருக்கிறாள். அந்த வாரம் வந்தது, போனது. நட்சத்திரம் இம்மியும் மங்கவில்லை. வரைபடத்தை அவளுக்கு அனுப்பினேன். கூட ஒரு வார்த்தை இல்லை. வேண்டுமென்றே.

ஜூன் 28

பதில் இல்லை. அத்தான்தான் போன் செய்தார். அவள் சரியாகச் சாப்பிடுவதில்லையாம், வகுப்புக்குப் போய் வந்து படுத்துக்கொள்கிறாளாம். நான் என்ன செய்ய வேண்டும் என்றேன். ஒன்றும் வேண்டாம், சொல்லலாம்னு தோணிச்சு என்றார்.

இனித்திருக்க வேண்டும். இனிக்கவில்லை. அதற்கும் சேர்த்து அவள்மேல்தான் கோபம் வருகிறது. என் வெற்றியைக்கூட நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டாளா?

ஆகஸ்ட் 12

மங்க ஆரம்பித்துவிட்டது! எந்தக் கணக்கிலும் இல்லாத நாளில். என் வகைதான். ஆனால் உறுதியாகச் சொல்ல, ஒளியைப் பிரித்து அதில் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் நல்ல நிறமாலை வேண்டும். இருக்கிற பழையது தெளிவில்லாதது, அதில் ஒன்றும் படிக்க முடியாது. பெரிய தொலைநோக்கி மாதக் கடைசி வரை வேறு ஆட்களுக்கு ஒதுக்கியாயிற்று. அதற்குள் நட்சத்திரம் தெளிந்துவிடும்.

நேரம் கிடைத்தவர்கள் பட்டியலில் அக்காவும் இருக்கிறாள். கேட்கமாட்டேன்.

ஆகஸ்ட் 13

கேட்கவில்லை. நான் புலம்பியதை வைத்து அம்மா கேட்டுவிட்டாள். நட்சத்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல், சின்னவளுக்கு ஏதோ வேணுமாம், உன்கிட்ட இருக்காம், குடுத்துடு என்று மட்டும் சொன்னாளாம். பொம்மைக்குச் சண்டை போட்ட காலத்தில் சொன்ன அதே மாதிரி.

அக்கா தன் தொலைநோக்கி நேரத்தைக் கொடுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 16

காலையில் நிறமாலை வந்தது. நான் அறைக்குப் போவதற்குள் அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இளைத்துப் போயிருக்கிறாள். திரையை என் பக்கம் திருப்பினாள்.

ஹைட்ரஜன். தீபம் மாதிரி எரிகிறது. நான் சொன்ன கரிப்புகை வகையில் அது அநேகமாக இருக்கவே கூடாது. ஐந்து மாதமாக நான் கத்தியது அவ்வளவும் தப்பு. அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரித்திருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன்.

“ஒத்தை நட்சத்திரம்தான். அது நீ சொன்னது சரி. ஆனா கெழவி இல்லடி, பச்சைக் கொழந்தை” என்றாள். “பொறந்த தூசி இன்னும் சுத்திட்டு இருக்கு. அதுல ஒரு கொத்து குறுக்க வந்தா மங்குது. கொத்து எப்ப வரும்னு யாரு சொல்றது?”

குறுக்கே ஒன்று வந்து மறைக்கிறது என்று அவள் சொன்னதும் அப்படியானால் பொய்யில்லை. அதை ஒப்புக்கொள்ளப் பிடிக்காமல், மே மாதத்து மதிப்பீட்டை நன்றாகத்தான் எழுதியிருந்தாய் என்றேன். புரியாமல் பார்த்தாள்.

“என்கிட்டதான் மொதல்ல அனுப்பினாங்க. தங்கச்சி எழுதினது, நான் பாக்கக்கூடாதுன்னு அன்னிக்கே திருப்பி அனுப்பிட்டேன்.”

மூன்று மாதம். வேறு யாரோ எழுதியதற்கு மூன்று மாதம் இவளைக் கரித்துக் கொட்டியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. மேகம் என்று தூக்கிப்போட்டதற்கு அவளும் கேட்கவில்லை. அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க மாலை ஆகிவிட்டது. அவள் வாசித்தாள், நான் போட்டேன்.

செப்டம்பர் 9

சேர்ந்து எழுதும் கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று சண்டை. என் பெயர்தான். அக்கா தன் பழைய கட்டுரை தவறு என்று பத்திரிகைக்குத் தானே எழுதிவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை, அத்தான் சொன்னார். எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

நவம்பர் 3

சேர்ந்து எழுதியதையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மங்கல்கள் கருவிக் கோளாறாக இருக்கலாமாம். படித்து முடிப்பதற்குள் அக்கா போன்.

“கருவிக் கோளாறா? எத்தனை ஊர்ல எத்தனை கருவிடி? அந்த ஆளு வரைபடத்தைக் கண்ணால பாத்தானா?”

அரைமணி நேரம் திட்டினாள். குக்கர் விசில் அடித்து அடித்து ஓய்ந்தது, அவள் ஓயவில்லை. நான் குறுக்கே பேசாமல் கேட்டேன். பிறகு அடுப்பை அணைக்கச் சொன்னேன், சாப்பிடச் சொன்னேன், பதிலை நாளைக்கு நிதானமாக எழுதலாம் என்றேன். பக்கத்திலிருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.