நட்டபடி விட்ட கம்புகள்

சிவமயம்

கிரவீன்,
சிட்னி.
18.10.1979

அன்புள்ள தங்கச்சி திலகத்துக்கு,

அக்கா மீனாம்பாள் எழுதுவது. நானும் இவரும் நல்ல சுகம். அங்கே, உன் வடக்குக் காட்டு ஊரில், பனி விழத் தொடங்கியிருக்கும். உன் நெஞ்சுச் சளி இந்த வருடமாவது கூடாமல் இருக்க நல்லூரானை வேண்டிக்கொள்கிறேன். இங்கே வெயில் ஏறுகிறது. பின்வளவில் ஒரு முருங்கைத் தடி நட்டேன், நாலு இலை விட்டிருக்கிறது.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சலும் பதிவுத் தபாலில் வருகிறது. பழைய சேலைத் துணியில் சுற்றித் தைத்திருக்கிறேன். உள்ளே இருப்பது, இவர் அங்கே நில அளவையாளராக இருந்தபோது எழுதிய அளவைப் புத்தகம். இதை முழுதாக வாசித்து முடிக்காமல் அதைப் பிரிக்காதே. முடித்த பிறகு அதை நேரே அகதாவின் கையில் கொடு. நடுவில் வேறு ஒருவரும் வேண்டாம்.

உன் கடிதத்தை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. அந்தக் காட்டின் ஆதிக்குடிகளான டானே-ஸா வேட்டைக்காரர் எல்லாரும் குசினி மேசைகளில் வரைபடத்தை விரித்து வைத்து, தாங்கள் மூஸ் மான் அடிக்கிற இடம், பழம் பறிக்கிற இடம், கூடாரம் போடுகிற இடம் எல்லாவற்றையும் கலர் பேனையால் கீறிக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அந்தக் காட்டுக்குள்ளால் போடப்போகும் எரிவாயுக் குழாய்ப் பாதை பற்றிய விசாரணை மார்கழியில் என்றும், அவர்கள் சார்பில் அகதா எழுந்து பேசப்போகிறாள் என்றும், அவளுக்கு நித்திரையே இல்லை என்றும் எழுதியிருந்தாய். அவர்களுடைய பழைய நிலத்தின் கதையையும் எழுதியிருந்தாய். மகிழ்ச்சி தங்கும் இடம் என்று பெயர் வைத்திருந்த நிலத்தை, நாற்பத்தைந்தாம் ஆண்டில் ஒரு கூட்டம் வைத்து, ஆங்கிலம் விளங்காத சனத்திடம் சம்மதம் வாங்கி, யுத்தத்தால் திரும்பிய சிப்பாய்களுக்குத் தோட்டமாகக் கொடுத்துவிட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன் அதற்குக் கீழே எண்ணெய் வந்ததாம். அகதா இதைச் சொன்னபோது சிரித்தாள் என்று எழுதியிருக்கிறாயே, எனக்கு அந்தச் சிரிப்புத் தெரியும். எனக்கு அப்படிச் சிரிக்க வராது. எனக்கு வயிறு எரிகிறது.

போன ஞாயிறு கிளேட்டன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். உனக்கு ஆளை ஞாபகம் இருக்கும். அங்கே இவருக்கு மேலதிகாரியாக இருந்து, சொந்த ஊரான சிட்னிக்குத் திரும்பியபோது எங்களையும் கூட்டிக்கொண்டு வந்தவர். இரண்டு தரம் ரசம் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, குழாய்ப் பாதை விசாரணையில் சாட்சி சொல்லக் கம்பனி தன்னைக் கூப்பிட்டிருப்பதாகவும் விமான டிக்கெட் வந்துவிட்டதாகவும் சொன்னார். அந்தக் காட்டை ஒருவரும் பாவிப்பதில்லை, நாலு மொட்டைக் கம்புகள்தான் நின்றன என்று சொல்லப்போகிறாராம். சொல்லிவிட்டு இவரைப் பார்த்து, நாங்கள் இரண்டு பேரும்தானே பார்த்தோம் என்றார். இவர் தலையை ஆட்டினார். நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கதிரையில் இருந்தேன். அந்த மனிதருக்கு என் கையால் சோறு போட்டேனே என்று என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

அந்தக் கம்புகளை எனக்குத் தெரியும், திலகம். நீ அங்கே படிப்பிக்க வருவதற்கு முன், எழுபத்திரண்டாம் ஆண்டு இலையுதிர் காலத்தில், அகதா என்னை அங்கே ஒரு கிழமை கூட்டிப்போனாள். நான் மச்சம் மாமிசம் தொடாதவள் என்று தெரிந்தும் கூட்டிப்போனாள். ஊசியிலைக் கொப்புகளைப் பரப்பி அதன்மேல் படுக்க வைத்தாள். சூரியன் உதிக்கிற பக்கம் தலை வைத்துப் படுக்க வேண்டும் என்று என்னைத் திருப்பிப் போட்டாள். விடியற்காலையில் அவளுடைய தகப்பன் மேளத்தைத் தீயில் காய்ச்சித் தட்டிப் பாடுவார். ஒரு சொல்லும் விளங்காது, ஆனாலும் எனக்குத் தேவாரம் கேட்ட நிம்மதி வரும். திரும்புகிற நாளில் கூடாரத் துணிகளைக் கழற்றி மடித்தார்கள். கம்புகளை நட்டபடியே விட்டார்கள். இறைச்சி காய வைக்கிற பந்தலையும் விட்டார்கள். அகதாவின் தாய் வைத்திருந்த, தோல் சுரண்டுகிற எலும்பு ஆயுதத்தை ஒரு பையில் போட்டு மரத்தில் கட்டினார்கள். கம்புகளை எடுத்து வரவில்லையா என்று கேட்டேன். அகதாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கடைக்குப் போகிறவள் தன் வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டா போவாள், பனி இறுகியதும் நாங்கள் திரும்பி வருவோம்தானே என்றாள்.

அடுத்த மாதம் இவர் அதே இடத்தை அளந்துவிட்டு வந்தார். இவருக்கு ஆயிரம் குறை இருக்கலாம், ஆனால் அளவைப் புத்தகத்தில் பொய் எழுதுகிற ஆள் இல்லை. பக்கம் நாற்பத்தொன்றைப் பார். நாலு கூடாரத்துக் கம்புகள், இறைச்சி காயவைக்கும் பந்தல், மரத்தில் பொருட்கள், பாவனையில் உள்ள குளிர்காலத் தங்குமிடம் என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்பு அப்படியே போனால், எண்ணெய் தேடுகிற கம்பனி தான் வெட்டும் பாதையை வளைக்க வேண்டும், ஆற்றைச் சுற்ற வேண்டும். கிளேட்டன் எங்கள் டிரெய்லர் வீட்டுக்கு வந்து, மேசையில் புத்தகத்தை வாங்கி, அந்த வரியைக் குறுக்கே வெட்டி ஒரு கோடு போட்டார். கைவிடப்பட்டது என்று பக்கத்தில் எழுதினார்.

இங்கேதான் அந்த மனிதர் மாட்டிக்கொண்டார். நில அளவையாளர்கள் புத்தகத்தில் எதையும் அழிக்க மாட்டார்கள். பிழை என்றால் கீழே உள்ளது வாசிக்கத்தக்கதாக ஒரே ஒரு கோடு போட்டு, போட்டவர் தன் பெயரின் முதலெழுத்துகளையும் திகதியையும் வைப்பார். கிளேட்டனின் கை முப்பது வருடப் பழக்கத்தில் கோடு போட்டது, அதே பழக்கத்தில் முதலெழுத்துகளையும் வைத்தது. தான் பொய் எழுதுகிற இடத்திலும் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிறகு யோசித்துப் பார்த்து, புத்தகத்தை எரிக்கச் சொன்னார். இவர் எரித்துவிட்டேன் என்று சொல்லி ட்ரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தார். தான் எழுதிய கடதாசியை எரிக்க இவருக்கு மனம் வராது.

மாசியில், அவர்கள் திரும்பி வருவதற்கு முன்பே, புல்டோசர் போனது. எண்ணெய் தேட நேர்கோடாகக் காட்டை வெட்டிக்கொண்டு அந்த இடத்துக்கு மேலாலேயே போனது. அகதா மூன்று நாள் பனியைக் கிளறித் தாயின் எலும்பு ஆயுதத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை.

கிளேட்டன் போன பிறகு, புத்தகத்தை அனுப்பப் போகிறேன் என்று இவரிடம் சொன்னேன். உமக்கென்ன விசரா, அந்த மனுசன் இல்லாட்டி நாங்கள் இஞ்ச வந்திருப்பமே, நாளைக்கே என்னை வேலையால நிப்பாட்டிப் போடுவான் என்றார். நியாயமான பயம்தான். ஐம்பத்தொரு வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? திங்கட்கிழமை இவர் கந்தோருக்குப் போனதும் கராஜில் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். தபால் போய்ச் சேர்ந்த பிறகு இவரிடம் சொல்வேன்.

இத்தனை வருடம் பேசாமல் இருந்தவளுக்கு இப்போது என்ன வந்தது என்று நீ கேட்கலாம். எழுபத்தேழு ஆவணிக் கலவரத்தில் என் கூடப்பிறந்த தங்கச்சி பத்மா அநுராதபுரத்தில் உடுத்த சேலையோடு அகதி முகாமுக்கு ஓடினாள். மூன்று கிழமை கழித்துத் திரும்பிப் போனால் வீட்டில் வேறு ஆட்கள். ஆட்கள் விட்டுப்போன வீடு என்று வாசலில் நின்று சொன்னார்களாம். அவள் உழுந்து ஊறப்போட்ட சட்டி வாசலிலிருந்தே குசினியில் தெரிந்ததாம். அந்தக் கடிதத்தை வாசித்த அன்றுதான் நாற்பத்தோராம் பக்கம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. போன மாதம் ஹெலன்ஸ்பர்க் பக்கம் கோயிலுக்கு என்று காணி பார்க்கப் போனோம். கூட வந்த ஒருவர் சும்மா கிடக்கிற காடு என்றார். உமக்கு யார் சொன்னது என்று கேட்டுவிட்டேன். இவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். புத்தகத்தை முதலிலேயே காட்டிவிட வேண்டாம். அகதாவின் பக்கத்து வழக்கறிஞரிடம் இதைச் சொல்லச் சொல். முதலில் கிளேட்டன் பேசட்டும். கோட்டும் டையும் கட்டி, தண்ணீர் குடித்து, நாலு மொட்டைக் கம்புகள் என்று முழுதாகச் சொல்லி முடிக்கட்டும். அந்த முதலெழுத்துகள் யாருடையவை என்று அதற்குப் பிறகு கேட்கட்டும். வெட்டுக் கோட்டுக்குக் கீழே உள்ளதை அவருடைய வாயாலேயே, சபைக்குக் கேட்கும்படி வாசிக்க வைக்கட்டும். அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. நீ முன்வரிசையில் இருந்து பார். சிவந்ததா, வெளிறியதா, கை நடுங்கியதா, ஒன்றும் விடாமல் எழுது. இப்படி ஆசைப்படுவது பாவம் என்றால் அந்தப் பாவம் எனக்கு இருக்கட்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவு கடதாசியும் செலவானது.

கம்பனி தன் சார்பில் இந்தப் புத்தகத்தின் ஒரு சுத்தப் பிரதியை விசாரணைக்குக் கொடுத்திருக்கும். அதில் கைவிடப்பட்டது என்பது மட்டும்தான் இருக்கும், கோடு இருக்காது. நல்ல உருண்டையான கையெழுத்து. இவருடைய எழுத்து ஒருவருக்கும் விளங்காது என்பதால் கம்பனிக்குப் போகும் பிரதிகளையெல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பேன் என்பது உனக்குத் தெரியும். அந்தக் கொப்புகளின்மேல் ஏழு இரவு படுத்து எழும்பியவள் அந்தச் சொல்லையும் எழுதினாள். ஒரு நிமிடம் பேனையை நிறுத்தினேன். பிறகு எழுதினேன்.

புல்டோசர் போன கிழமை அகதா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று உன் புருஷன் எழுதவில்லையா என்று கேட்டாள். ஓம், எழுதினவர் என்றேன். அது பொய்யில்லை. அவள் என்னை நம்பினாள். அடுத்த கிழமையும் இவருக்கு இறைச்சி கொண்டுவந்து தந்தாள்.

ஆகவே, தங்கச்சி, வழக்கறிஞரிடம் அந்தப் பிரதியை வாங்கி, இரண்டு கடதாசியையும் அவளுக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வை. கோடு போட்டது கிளேட்டன் என்று காட்டு. மற்றது யாருடைய எழுத்து என்று அவள் கேட்பாள். கேட்காவிட்டாலும் சொல். நான் அழுதேன் என்றோ மன்னிப்புக் கேட்டேன் என்றோ சேர்த்துச் சொல்லாதே. பெயரை மட்டும் சொல்.

உன் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். பனி இறுகிய பிறகு அகதா எங்கேயாவது புதுக் கம்பு நட்டால் எனக்கு ஒரு வரி எழுது. எந்த இடம் என்று மட்டும் எழுதாதே.

இப்படிக்கு,
உன் அக்கா
தே. மீனாம்பாள்