அலாரம் டிரைவரில் தவறில்லை, சாமுவேல் அண்ணா

பாசமுள்ள சாமுவேல் அண்ணாவுக்கு,

கருவி பழுதானதற்கு யார் காரணம் என்று எழுதிய அந்த அறிக்கையை நேற்று திருத்திவிட்டார்கள். உங்கள் பெயர் இருந்த இடத்தில் இப்போது என் பெயர். நீங்கள் பார்த்திருக்க வேண்டியதை நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன்.

இதை மற்றவர்களும் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் நோயாளியின் தலைமாட்டில் நாடித்துடிப்பைக் காட்டிக்கொண்டு நிற்குமே ஒரு கருவி, அதற்குத்தான் நாம் இருவரும் மென்பொருள் எழுதினோம். ஆபத்து வந்தால் கத்தும் அலாரத்தை இயக்கும் புரோகிராம் கோடு, அதாவது டிரைவர், உங்களுடையது. தொடுதிரையை இயக்கும் டிரைவர் என்னுடையது. ஓர் ஆஸ்பத்திரியில் அந்தக் கருவி திடீர் திடீரென்று உறைந்துபோய், தானே அணைந்து மறுபடி எழுந்தது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது எழும்வரை ஒரு நர்ஸ் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிக்கொண்டு நின்றாராம்.

ஒவ்வொரு முறையும் கருவி விட்டுச்சென்ற தடயம் உங்கள் டிரைவரில்தான் முடிந்தது. "உங்க கோடுலதானே விழுது, சாமுவேல்? வேற யார கேக்கறது?" என்றார் மேனேஜர். இல்லாத தவறை நீங்கள் வாரக்கணக்கில் தேடினீர்கள். நாம் வேலைக்குப் போய்வரும் ரயிலிலும் லேப்டாப்பை மடியில் வைத்துத் தேடினீர்கள். பங்காருபேட்டை ஸ்டேஷன் வந்தால் நான் டீ வாங்கித் தருவேன். என்னால் வந்த வினை என்று அப்போது சத்தியமாக எனக்குத் தெரியாது அண்ணா. கடைசியில் உங்களை டெஸ்டிங் பிரிவுக்கு மாற்றினார்கள். எழுதியவரை, எழுதியதைச் சோதிப்பவராக உட்கார வைத்தார்கள்.

பிறகுதான் கருவியின் எல்லா வேலையையும் நடத்தும் அடிப்படை மென்பொருளான கர்னலைப் புதியதாக மாற்றினோம். கர்னலுக்குள் ஓடும் வேலைக்கு ஸ்டாக் என்று கொடுக்கப்படும் இடம் மிகச் சின்னது. சாதாரண புரோகிராமுக்குக் கிடைப்பதுபோலத் தாராளமாகக் கிடைக்காது. அது நிரம்பி வழிந்தால், வழிந்தது பக்கத்தில் இருப்பவருடைய நினைவகத்தை அழித்துவிட்டுப் போகும். கெடுத்தவர் ஓடிக்கொண்டே இருப்பார். கெட்டுப்போனதைத் தொட்டவர் விழுவார். பழைய கர்னலில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. புதியதில் ஸ்டாக்கின் ஓரத்தில் ஒரு காவல் பக்கம் உண்டு. எல்லையில் கால் வைத்த இடத்திலேயே பிடித்துவிடும்.

அப்படிப் பிடிபட்டது என் டிரைவரில் இருந்த ஒரு ஃபங்ஷன். தொடுதிரை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்போது மொத்தத் திரையின் தரவையும் வைக்க, ஒரு பெரிய அரேயை, அதாவது தரவு வரிசையை, ஸ்டாக்கிலேயே போட்டிருந்தேன். எழுதிய அன்றே, நாம் எழுதுவதைக் கருவிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் எச்சரித்தது. டெமோ நெருங்கிவிட்டது, நேரமில்லை என்று, எச்சரிக்கையின் வரம்பை உயர்த்தி அதன் வாயை அடைத்ததும் நான்தான். பிறகு சரிசெய்யலாம் என்று நினைத்து, மறந்தே போனேன்.

அது பிடிபட்ட வெள்ளிக்கிழமையே ரயிலில் உங்களிடம் சொன்னேன். நீங்கள் லேப்டாப்பை மூடி வைத்தீர்கள்.

"அப்போ என் கோடுல ஒண்ணும் இல்ல?"

"ஒண்ணும் இல்லண்ணா. எல்லாம் என்னுது."

"அப்பாடா" என்றீர்கள். என்னைத் திட்டுவீர்கள் என்று காத்திருந்தவளுக்கு அந்த ஒரு சொல்தான் கிடைத்தது. பிறகு, "நீயே சொல்லிடும்மா சார் கிட்ட. நான் போய் சொன்னா பழிய உன் மேல தள்ற மாதிரி இருக்கும்" என்றீர்கள்.

திங்கட்கிழமை சொல்வதாகச் சொன்னேன். சொல்லவில்லை. என் புரோகிராமை மட்டும் சத்தமில்லாமல் திருத்தினேன். தேவையான இடத்தை ஸ்டாக்குக்கு வெளியே கேட்டு வாங்கி, கிடைக்காவிட்டால் கௌரவமாகப் பின்வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கும்படி எழுதினேன். அதை எழுத அரை நாள் கூட ஆகவில்லை. மேனேஜரின் அறைக்குள் போக மட்டும் கால் வரவில்லை. எனக்குப் பதவி உயர்வு பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

ஒரே ஒரு தடவை கேட்டீர்கள். "இன்னா கௌதமி, சொல்லிட்டியா?"

"இந்த ரிவ்யூ முடியட்டும்ண்ணா."

"சரிம்மா."

அந்த 'சரிம்மா'வில் கோபம் இருந்ததா? நான் எத்தனையோ முறை காதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு, சர்ச்சுக்குக் கிளம்பும் நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். ஆண்டர்சன்பேட்டைக்கு நான் வந்து சேர்ந்தபோது வாசலில் செருப்புகள் நிறைந்திருந்தன. அன்றும் நான் வாய் திறக்கவில்லை. உங்களுடன் வேலை பார்த்த ஒருவர், "பாவம், அந்த அலாரம் பிரச்சனையில மனசு விட்டுட்டாரு" என்று என் காதருகே சொன்னார். நான் தலையாட்டினேன் அண்ணா. தலையாட்டினேன்.

அடக்கம் முடிந்த பிறகுதான் ஆபீஸ் கூட்டத்தில் எல்லார் முன்னும் சொன்னேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "ஃபிக்ஸ் ஆயிடுச்சில்ல? அவரும் இல்ல. இப்ப எதுக்கும்மா இத கிளறணும்?" அறிக்கையைத் திருத்தாமல் எழுந்து போகமாட்டேன் என்றேன். உயர்வு போயிற்று. இப்போது நான் எழுதுவதை இரண்டு பேர் பார்த்த பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். விடட்டும். அந்த எச்சரிக்கையைப் பழைய வரம்புக்கே கொண்டுவந்து, அது வந்தால் மென்பொருள் உருவாவதே நின்றுவிடும்படி செய்தாயிற்று. இனி யாரும் அதன் வாயை அடைக்க முடியாது.

நேற்று சாயந்திரம் ரூத் அண்ணியிடம் போனேன். ஸ்கூலில் இருந்து வந்து, புடவைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். 'நான்தான் அவரைக் கொன்றேனா அண்ணி' என்றும் கேட்டுவிட்டேன்.

"அவருக்கு சுகர் எத்தினி வருஷமா இருக்குது, தெரியுமா உனக்கு? அதுக்கும் இதுக்கும் முடிச்சு போடாத" என்றார். பிறகு சொன்னார்: "ஆனா அவுரு தினமும் காத்துக்கினு இருந்தாரு. சாயந்தரம் வந்ததும் நான் கேப்பேன், சொல்லிட்டாளான்னு. நாளைக்கு சொல்லிடுவா, நல்ல பொண்ணுதான்னுவாரு."

மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"அவுரு மன்னிக்க வேண்டியத நான் எப்படிம்மா மன்னிக்கிறது?" என்று காபி போட எழுந்தவர், சமையலறை வாசலில் நின்று திரும்பினார். "பேத்தமங்களாவுல மாமா இருக்காரு. புள்ள செஞ்ச தப்பால ஆஸ்பத்திரி மிஷின் நின்னுபோச்சுன்னு இன்னும் தலைய தொங்கப் போட்டுக்கினு கீறாரு. அவருகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீ போய் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை போகிறேன் அண்ணா. உங்கள் அப்பாவுக்கு ஸ்டாக் என்றால் என்னவென்று நான் விளக்கப்போவதில்லை. 'உங்கள் மகன் செய்த வேலையில் தவறே இல்லை, தவறு என்னுடையது, அவருக்குத் தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை' என்று சொல்வேன். அவர் ஏசினால் குறுக்கே பேச மாட்டேன். வெளியே போ என்றால், தெருவில் நின்றாவது மிச்சத்தையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் வருவேன்.

நீங்கள் நல்ல பொண்ணு என்று சொன்ன,
உங்கள் தங்கச்சி
கௌதமி
கோலார் தங்கவயல்