கப்பல் கிளம்புவதற்குள்

ஆல்டன் தோட்டம், மேற்பிரிவு,
தெரணியகலை.
14.12.2003

அன்பு மகன் இந்திரகுமாருக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், அப்பாவின் முழங்காலைத் தவிர குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டாரிலும் இந்த மாதத்தில் குளிரடிக்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள், பாலைவனத்தில் என்ன குளிர் என்று நான் சிரித்தேன், ஆனாலும் நீ காதை மூடிக்கொண்டே வேலைக்குப் போ. அன்றைக்கு நீ டெலிபோன் எடுத்தபோது கடையில் ஒரே இரைச்சல். தங்கச்சி போயிட்டா என்று நான் கத்த, கப்பல் போயிடுச்சா என்று நீ அழுகிற குரலில் கேட்க, அதற்குள் லைன் அறுந்துவிட்டது. பிறகு அவளே உன்னோடு பேசிவிட்டாள் என்று தெரியும். ஆனால் கப்பல் ஏறியதை மட்டும்தான் சொல்லியிருப்பாள், ஏறுவதற்குள் என்னவெல்லாம் நடந்தது என்பதைச் சொல்லியிருக்க மாட்டாள். அதை நான்தான் எழுத வேண்டும், ஏனென்றால் நினைக்க நினைக்க எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருக்கிறது தம்பி.

கொழும்பு ஹோட்டலில் நெருப்புச் சூட்டில் நின்று பாணும் கேக்கும் செய்யப் பழகி, வெள்ளைக்காரருக்கு முன்னால் கேக் அலங்கரித்துக் காட்டி உன் தங்கச்சி துஷி பிடித்த கப்பல் வேலை அது என்று உனக்குத் தெரியும். உல்லாசப் பயணிகளின் கப்பல் வெள்ளிக்கிழமை விடியக்காலையில் கொழும்புக்கு வரும், ஊர் பார்க்க இறங்கியவர்கள் திரும்பி ஏறியதும் பொழுது சாய்கிற நேரத்தில் சிங்கப்பூர்ப் பக்கம் போய்விடும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் பகல் சாப்பாட்டுக்கு முன்னமே கொழும்புக் கோட்டையில் உள்ள ஏஜென்சியில் இருக்க வேண்டும், அங்கிருந்து வேனில் துறைமுகத்துக்குக் கூட்டிப் போவார்கள். வராதவர்களுக்காகக் கப்பல் நிற்காது, அடுத்த துறைமுகத்துக்கு அனுப்பியும் வைக்க மாட்டார்கள். அதே பயிற்சி முடித்த இன்னொரு பிள்ளையைப் பையோடு அங்கேயே உட்கார வைத்திருப்பார்களாம், இவள் வராவிட்டால் அவள் ஏறுவாள். ஏஜென்சிக்காரர் துஷியிடம், ஏன் பிந்தினாய் என்று கேட்கவே மாட்டோம், ஆள் இருக்கா இல்லையா என்று மட்டும்தான் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். நீயும் டெலிபோனில் படித்துப் படித்துச் சொன்னாய், பயணத்தன்றைக்கு வீட்டிலிருந்து கிளம்பாதீர்கள், ஒரு நாள் முன்னாடியே போய்க் கொழும்பில் இருங்கள் என்று. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை, விடியக்காலை பஸ்ஸில் போனால் போதாதா, எதற்கு அடுத்தவர் வீட்டில் போய்ப் படுக்க வேண்டும் என்றார். நான் விடவில்லை. கொட்டாஞ்சேனையில் இருக்கிற மரகதம் அக்காவுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, வியாழக்கிழமை காலையில் கிளம்புவதென்று முடிவு செய்தோம்.

புதன்கிழமை பின்னேரம் பிடித்த மழை விடவேயில்லை. வியாழன் காலையில் துஷி புதுச் சட்டையெல்லாம் போட்டுத் தயாராக நிற்கிறாள், ரப்பர்ப் பால் எடுக்கப் போன ஆட்கள் திரும்பி ஓடி வந்து, பதினாலாம் நம்பர் மலைக்குக் கீழே ரோடே இல்லை என்கிறார்கள். மலை அப்படியே வழிந்து இறங்கி, ரோட்டையும் டெலிபோன் கம்பியையும் இழுத்துக்கொண்டு ஆற்றில் போய் விழுந்திருக்கிறது. நல்லவேளை, ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை. தோட்டத்துத் தொரை வந்து பார்த்துவிட்டு, மெசின் கொண்டுவந்து மண் அள்ளவே இரண்டு மூன்று நாள் பிடிக்கும் என்று சொல்லிவிட்டார். அப்பா வாசலில் நின்று, நம்ம தலைவிதி அவ்வளவுதான், கப்பல்காரனுக்கு நாளைக்கு எப்படியாவது சொல்லுவோம் என்றார். கப்பல்காரனுக்குச் சொன்னால் கப்பல் நிற்குமா? துஷி அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சூட்கேஸ் மேல் உட்கார்ந்து கைவிரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியவில்லை. "எந்திரி. ரோடு இல்லாட்டி மலை இருக்குதானே, ஏறி இறங்குவோம்" என்றேன். அப்பா, உனக்குப் பைத்தியமா, அட்டையும் வழுக்கலும் அந்தப் பக்கம் ஆறும் இருக்கிறது, இந்தச் சூட்கேஸை யார் தூக்குவது என்றார்.

தூக்குவதற்கு ஆளா இல்லை? நான் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்து வளர்த்துவிட்ட பிள்ளைகள்தானே இந்தத் தோட்டத்தில் பாதிப் பேர். மூக்காயி மகன் ஸ்ரீதரனுக்கு விசயம் தெரிந்ததும் பால் வெட்டுகிற கத்தியை வைத்துவிட்டு வந்தான். இப்போது அவனுக்கே இரண்டு பிள்ளைகள், ஆனாலும் என்னைக் கண்டால் ஆயாம்மா என்றுதான் கூப்பிடுவான். அந்தச் சூட்கேஸுக்கு அடியில் சக்கரம் இருக்கிறதல்லவா, அதை உருட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, சாக்கில் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டான். "ஆயாம்மா, தொட்டில்ல போட்டு எங்களத் தூங்க வச்சீங்க, ஒரு பொட்டிய நாங்க தூக்க மாட்டமா?" என்றான். அவனோடு அவன் கூட்டாளிகள் நாலைந்து பேர் கயிறும் கத்தியுமாகச் சேர்ந்துகொண்டார்கள். தேயிலைக் கொழுந்து மலை ஏறி ரப்பர்க் காட்டுக்குள் இறங்கினோம். கால் வைக்கிற இடமெல்லாம் வழுக்குகிறது, அட்டையைப் பிடுங்கிப் போட நேரமில்லை. அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டே வந்தார், ஆனால் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மலையடியில் பார்த்தால், ஆற்றுக்குப் போட்ட பலகைப் பாலத்தைத் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறது. கயிற்றை இந்தக் கரை மரத்திலும் அந்தக் கரை மரத்திலும் கட்டி, பையன்களெல்லாம் கைகோத்துத் தண்ணீருக்குள் வரிசையாக நின்றார்கள். முதலில் சூட்கேஸ் போனது, பிறகு நான், பிறகு அப்பா. துஷி பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பல்லால் கடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் வந்தாள். அக்கரை ஏறியதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா, கப்பல்ல ஏறுறதுக்கு முந்தியே கடல்ல எறங்கிட்டேன்" என்றாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் போய்விடுவாள் என்று.

தெரணியகலை டவுனுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது பின்னேரமாகிவிட்டது. தெஹியோவிட்ட பக்கம் ஆறு ரோட்டுக்கு மேல் ஓடுகிறது, பஸ் ஒன்றும் இல்லை என்றார்கள். ரப்பர் ஷீட் வாங்குகிற றஊப் நானா கடைக்கு முன்னால் நாங்கள் சேறும் இரத்தமுமாக நின்ற கோலத்தைக் கண்டு அவர் பயந்தே போனார். விசயத்தைச் சொன்னதும், "எப்பிடியும் நாளைக்கு நான் கொழும்புக்கு ஷீட் ஏத்தணும். என்ட லொறி உசரம், கொஞ்சம் தண்ணி வடிஞ்சாப் போதும், போயிரலாம். ஒண்டுக்கும் பயப்பட வாணாம்" என்றார். அவர் மனைவி ஸைனம்பு எங்களை உள்ளே கூட்டிப்போய்ச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்து, துஷியின் காலில் அட்டை கடித்த இடமெல்லாம் மருந்து போட்டுக் கட்டி, சோறு போட்டுப் படுக்கவும் பாய் விரித்தாள். நோன்பு முடிந்து பெருநாளும் கழிந்த நேரம், மிச்சமிருந்த பலகாரத்தையெல்லாம் கப்பலில் சாப்பிடு மகள் என்று பையில் திணித்தாள். ஸ்ரீதரனும் கூட்டாளிகளும் இருட்டுவதற்குள் அதே மலையேறித் திரும்பிப் போனார்கள், ஒரு தேத்தண்ணிக்கு மேல் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் லொறி கிளம்பியது. துஷியும் நானும் முன்னால், அப்பா பின்னால் ரப்பர் ஷீட் மேல். தெஹியோவிட்டவுக்குக் கிட்ட தண்ணீர் இன்னும் ரோட்டில் நின்றது. நடுத்தண்ணீரில் என்ஜின் நின்றுவிட்டது தம்பி. றஊப் நானா சாவியைத் திருகுகிறார், திருகுகிறார், ஒரு சத்தமும் இல்லை. துஷி என் கையை நெரித்துவிட்டாள். அப்பா பின்னாலிருந்து எழுந்து நின்று கரையில் நின்ற கிராமத்து ஆட்களைப் பார்த்துச் சிங்களத்தில் சத்தம் போட்டார், என் மகளுக்குக் கப்பலுக்கு நேரமாகிறது, வந்து தள்ளுங்கள் தம்பிமாரே என்று. கப்பலா, இந்தத் தண்ணீரிலா என்று முதலில் சிரித்தவர்கள், பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டமாக இறங்கிவிட்டார்கள். சத்தம் போட்டுச் சத்தம் போட்டு மேட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். என்ஜினைத் துடைத்துக் கிளப்புவதற்குள் காலை பாதி போய்விட்டது. அவிசாவளை தாண்டிய பிறகு றஊப் நானா ஓட்டிய ஓட்டத்தை நான் சொல்ல மாட்டேன். சண்டைக் காலமாக இருந்திருந்தால் வழிநெடுகச் சோதனைக்கு இறக்கி ஏற்றியே பொழுது போயிருக்கும், இப்போது ஒருவரும் மறிக்கவில்லை.

கோட்டையில் எங்களை இறக்கிவிட்டு றஊப் நானா ஷீட் கொடுக்கப் போய்விட்டார். ஏஜென்சிக்குப் போய் ஏறினால், மேசையில் இருந்த சிங்களப் பிள்ளை துஷியைப் பார்த்து, "ஐயோ நங்கி, வேன் இப்பத்தானே போச்சு" என்கிறாள். இவள் வரவில்லையென்று மற்றப் பிள்ளையை ஏற்றி அனுப்பிவிட்டார்களாம். துஷி படியில் இறங்கி, கட்டுப் போட்ட காலில் செருப்போடு மழைச் சேற்றில் ஓடினாள், நாங்களும் பின்னால் ஓடி, ஒரு ஆட்டோவில் சூட்கேஸோடு நெருக்கி ஏறித் துறைமுக வாசலுக்கு வந்தோம். வாசலில் சோதனைக்காக வண்டிகள் வரிசையில் நிற்கின்றன, அந்த வேன் மூன்றாவதாக நிற்கிறது. துஷி கண்ணாடியில் படபடவென்று தட்டினாள். டை கட்டிய ஏஜென்சிக்காரர் இறங்கி, இவள் காலையும் சட்டையையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, இப்போது வந்து என்ன செய்வது, ஆளை மாற்றியாகிவிட்டது என்றார். அப்போது அப்பா முன்னால் வந்தார். கெஞ்சுவார் என்று நினைத்தேன். கெஞ்சவில்லை. நிமிர்ந்து நின்று நல்ல சிங்களத்தில் சொன்னார், "மாத்தயா, ரோடு உடைஞ்ச எடத்துல இருந்து மலையேறி, ஆத்துல எறங்கி வந்த புள்ள இது. வேன் இன்னும் கேட்டுக்கு வெளியிலதான் நிக்குது. ஆள் இருக்கா இல்லையானுதானே பாப்பீங்க? இந்தா நிக்கிறா, பாருங்க." அந்த மனுசன் கடிகாரத்தைப் பார்த்தார், வேனைப் பார்த்தார்.

வேனிலிருந்து அந்த மற்றப் பிள்ளை இறங்கினாள். சிலாபத்துப் பிள்ளை, பெயர் நிரோஷா, துஷி வயதுதான் இருக்கும். துஷியின் காலில் இருந்த துணிக்கட்டுகளையும் காயத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் பையை இழுத்து வெளியே வைத்துவிட்டு, "சேர், நான் இன்னும் கையெழுத்து வைக்கலதானே. இது அவங்க எடம்" என்று சிங்களத்தில் சொன்னாள். சொல்லும்போது கண் நிறைந்துவிட்டது. ஏஜென்சிக்காரர் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு துஷியிடம், ஏறு, ஏறு, சப்பாத்தை மாற்று என்றார். தண்ணீர்ப் போத்தலால் அங்கேயே காலைக் கழுவிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஏறினாள். அவளைக் கட்டிப்பிடிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை, கன்னத்தைத் தொட்டேன், அவ்வளவுதான். வேன் உள்ளே போய்விட்டது.

வாசலில் நாங்கள் மூன்று பேர் நின்றோம், அப்பா, நான், நிரோஷா. அவளைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை. "வா மகள், சாப்பிடுவோம்" என்று கையைப் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிப்போனேன். மரகதம் அக்கா எங்களைக் காணாமல் முதல் நாளெல்லாம் அழுதிருக்கிறாள், மூன்று பேரையும் உட்கார வைத்துப் பரிமாறினாள். பின்னேரம் எல்லாருமாகக் காலிமுகத்திடல் கடற்கரைக்குப் போனோம். மழைக்குப் பிறகு வானம் நன்றாக வெளுத்திருந்தது. கப்பல் துறைமுகத்தை விட்டு வெளியே வந்தது தம்பி, அப்பப்பா, நம்ம தோட்டத்து ஃபெக்டரியைப் பத்தாக அடுக்கினாலும் அதற்கு ஈடாகாது, வெள்ளை வெளேரென்று லைட்டெல்லாம் போட்டுக்கொண்டு. அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்துச் சுழற்றிச் சுழற்றிக் காட்டுகிறார், அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்ற கவலையே இல்லை. வடை விற்கிறவரிடமும் காற்று வாங்க வந்தவர்களிடமும், "அந்தக் கப்பல்ல எங்க மக இருக்கா, எங்க மக" என்று தமிழிலும் சிங்களத்திலும் சொல்லிக்கொண்டே இருந்தார். நிரோஷாவும் கை காட்டினாள். அப்புறம் அவளைச் சிலாபம் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம்.

இப்போதைய செய்தியைக் கேள். நிரோஷாவுக்கும் இடம் கிடைத்துவிட்டது, மாசியில் வருகிற வேறொரு கப்பலில். மரகதம் அக்கா வீட்டுக்கு டெலிபோன் எடுத்து, அந்த அம்மாவிடம் சொல்லுங்கள் என்றாளாம். கேட்ட நாளில் நான் கோயிலுக்குப் போய் அவள் பேரிலும் ஒரு அர்ச்சனை செய்தேன். நம்ம தோட்டத்தில் மூன்று பெண்பிள்ளைகளின் அப்பாமார், அந்த கேக் படிப்புக்கு எங்கே எழுதிப்போட வேண்டும் என்று அப்பாவிடம் வந்து கேட்கிறார்கள், அவரும் தானே படித்த மாதிரி விளக்கம் சொல்கிறார். ரோடும் போட்டாகிவிட்டது. போன ஞாயிறு துஷி பேசினாள். முதல் நாள் விடியக்காலையில் அவள் பிசைந்து சுட்ட பாணைத்தான் அத்தனை பேரும் சாப்பிட்டார்களாம். பெரிய சமையல்காரர் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டு, நீ எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். இவள் கொழும்பு என்று சொல்லவில்லையாம். "ஆல்டன் தோட்டம், மேற்பிரிவுனு சொன்னேன்மா. அவருக்கு வாயில வரல. வரும் வரைக்கும் மூணு தரம் சொல்ல வச்சேன்" என்றாள்.

நீ லீவுக்கு எப்போது வருகிறாய் என்பதை மேலாளரிடம் கேட்டு உடனே எழுது. எண்ணெய்ப் பலகாரம் குறைத்துக்கொள், வயிறு உனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. ஸ்ரீதரனுக்கும் றஊப் நானாவுக்கும் உன் கையால் தனித்தனியாக நாலு வரி எழுதிப் போடு, மறந்துவிடாதே, அவர்களுக்கு அது பெரிய சந்தோசம். மாரியம்மா உன் கூடவே இருந்து கண்ணைப் போலக் காப்பாள். நீயும் தங்கச்சியும் எந்தத் தேசத்தில் இருந்தாலும் தலை நிமிர்ந்து, நோய்நொடி இல்லாமல் நல்லா இருங்கள் ராசா.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா பாக்கியம்

அப்பா அழகமுத்துவும் பக்கத்தில்தான் இருக்கிறார், கப்பல் எவ்வளவு பெரிது என்பதை நான் சரியாக எழுதவில்லையாம்.