உங்கள் சட்டைப் பையில் இருந்த பியூஸ் கட்டை

அப்பா, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உங்கள் காக்கிச் சட்டையை அம்மா இன்னும் துவைக்கவில்லை. கருகிய ரப்பர் வாடை வீடு முழுவதும் நிற்கிறது. அம்மா தூங்கிவிட்டாள். விளக்குத் திரியைத் தாழ்த்திவைத்து எழுதுகிறேன்.

அந்த மருந்து ஆய்வுக்கூடத்தின் பழைய வயர்களைப் பிடுங்கிப் புதிது போட ஆரம்பித்த நாளிலிருந்து நீங்கள் களைத்தேதான் வீடு வந்தீர்கள். "தொட்டாலே உதிருது, மக்கிப்போன கட்டடம்" என்பீர்கள். ஒரு சனிக்கிழமை உங்களுக்குச் சோறு கொண்டுவந்தேன். பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏணியில் நின்றிருந்தீர்கள். கீழே பியூன் கத்தினான்: "கட்டையைக் குடுண்ணே, ஃபேன் இல்லாம துரை உருகுறாரு!"

"உருகினா ஐஸ் ரூம்ல தூக்கி வை" என்றீர்கள். பிறகு என்னிடம், "இது என் பையில இருக்கிற வரைக்கும் எவனும் கரண்டு விட முடியாதும்மா" என்றீர்கள்.

விட்டுவிட்டார்கள் அப்பா.

இன்று சாயங்காலம் ஓவர்சியர் மாமா வந்து அம்மா முன்னால் அழுதார். ஐஸ் ரூம் மருந்து கெட்டுவிடக் கூடாதென்று பக்கத்துக் கட்டடத்திலிருந்து தனியாக ஒரு லைன் இழுத்தாராம். உங்களிடம் சொல்ல மறந்துவிட்டாராம். கரண்டு இல்லை என்று நினைத்து நீங்கள் தொட்டது அந்த லைனைத்தான்.

"நாளைக்குத் துரை விசாரிக்க வருவாரு. உன் வீட்டுக்காரருதான் பியூஸைப் பிடுங்க மறந்துட்டாருன்னு சொல்லிடு தங்கச்சி. பிடுங்காத மாதிரி போர்டுல வேற கட்டை போட்டாச்சு. குவாட்டர்ஸை விட்டு உங்களை எழுப்பாம நான் பாத்துக்கிறேன். எனக்கும் பிள்ளைங்க இருக்கு."

அவர் கெட்டவர் இல்லை. உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். நீங்கள் போன நாளிலிருந்து அவர் வீட்டுச் சோற்றைத்தான் சாப்பிடுகிறோம்.

அவர் போன பிறகு உங்கள் சட்டைப் பைக்குள் கைவிட்டேன். கட்டை இருந்தது. அம்மாவிடம் காட்டினேன். "போனவரு வரப்போறதில்லடி. படுக்க ஒரு இடம் வேணும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

துரைக்குத் தமிழ் வராது. நீங்கள் அடம்பிடித்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்த நான்தான் அம்மா சொல்வதை அவருக்குச் சொல்ல வேண்டும். மறந்துவிட்டார் என்று அம்மா சொல்லுவாள். அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. உண்மையைச் சொன்னால் பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸில் எங்களுக்கு இனி வீடு இல்லை. கிள்ளானில் சித்தி காலில் போய் விழ வேண்டும். பயமாக இருக்கிறது அப்பா. ரொம்பக் களைப்பாகவும் இருக்கிறது.

வேலையில் நீங்கள் எதையும் மறக்காதவர். என்னிடம் உங்களைப் பற்றி மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுத்துவிட்டு இந்த வீட்டில் என்னால் தூங்க முடியாது.