பன்னீர் அடுக்கும் செருப்புகள்

உ
கார் நிக்கோபார்
4.2.1968

தனபாக்கியத்துக்கு,

நலம். நீயும் பிள்ளைகளும் நலமா? ஊறுகாயும் கடிதமும் கப்பலில் வந்தன. கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழியைக் காணோம். மறந்தாயா, யாராவது மறக்கவைத்தார்களா?

என்னோடு வேலை பார்க்கும் பக்தவத்சலம் ஆபீசில் எல்லார் முன்னாலும் கேட்டான்: "என்னய்யா, உம்ம வீட்டம்மா ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறாங்களாமே?" முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பேச்சு வராத பிள்ளைகளைச் சாக்கு வைத்து உன்னை யாரோ வளைக்கிறார்கள். யார் அது? உண்மையை எழுது.

குழந்தைவேலு


மின்னி பே, போர்ட் பிளேர்
19.2.1968

அன்புள்ள அத்தானுக்கு,

சுழியை மறக்கவில்லை, நானாகத்தான் விட்டேன். யாரும் என்னை வளைக்கவில்லை.

கோயில் வாசலில் நம் பன்னீர் எல்லார் செருப்பையும் எடுத்து வரிசையாக அடுக்கினான். "பாகல், பாகல்" என்று இந்தியில் பைத்தியப் பட்டம் கட்டி விரட்டினார்கள். மங்கை காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். மழை வேறு. சர்ச் வராந்தாவில் ஒதுங்கினோம். அங்கேயும் அடுக்க ஆரம்பித்தான். உபதேசியார் பார்த்துவிட்டு, "அவன் பாட்டுக்குச் செய்யட்டும்மா, நீங்க உள்ள வந்து உக்காருங்க" என்றார். உட்கார்ந்து அழுதேன்.

பெற்ற இரண்டையும் ஏன் இப்படிக் கொடுத்தாய் என்று எத்தனை சாமியிடம் கேட்டிருப்பேன். இயேசுவிடம்தான், இவர்களை வைத்து நான் என்ன செய்யணும் என்று கேட்கத் தோன்றியது. இப்போது பக்கத்து வீட்டு நாகரத்தினத்தின் பேசாத மகளும் பகலெல்லாம் என்னிடம்தான் இருக்கிறாள். காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருக்கிறது அத்தான்.

நானும் ஒன்று கேட்கிறேன். கப்பல் டிக்கெட்டுக்குப் பிள்ளைகளின் வயது வேண்டுமென்று உங்கள் ஆபீஸ் பியூன் வந்தாரே, எதற்கு? எனக்கு டிக்கெட் இல்லையாமே?

தங்கள்
தனபாக்கியம்


உ
கார் நிக்கோபார்
10.3.1968

தனபாக்கியத்துக்கு,

ஒளிக்க என்ன இருக்கிறது. பிள்ளைகளை மெட்ராசுக்குக் கூட்டிப்போய் சுசீலா அக்காவிடம் விடப்போகிறேன். மெயின்லேண்டில் ஒரு கோயிலில் இப்படிப்பட்டவர்களைச் சங்கிலியில் கட்டிவைத்துக் குணமாக்குகிறார்களாம்.

தெருப்பிள்ளைகள் பன்னீரை 'ஜூத்தாவாலா', செருப்புக்காரன், என்கிறார்களாம். என் மகன் ஊரார் செருப்பைக் கையால் எடுத்து வைக்கிறானா? நான் லீவில் வந்தால் ஏறிட்டும் பார்க்காதவன். நான் யாரென்றே அவனுக்குத் தெரியாது. நீயும் எதையோ மறைக்கிறாய்.

குழந்தைவேலு


மின்னி பே
28.3.1968

அத்தானுக்கு,

அக்கா இங்கே வந்தால் காபி கொடுப்பேன். பிள்ளைகளைக் கொடுக்க மாட்டேன். கட்டிவைக்கவா பெற்றேன்?

ஆமாம், எடுத்துத்தான் வைக்கிறான். ஒரு வீட்டாரின் செருப்பெல்லாம் அவன் வரிசையில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒரு நாளும் மாறியதில்லை. யார் முகத்தையும் பார்க்காத பிள்ளைக்கு எப்படித் தெரிகிறதோ, கர்த்தருக்கே வெளிச்சம். சந்தேகமாக இருந்தால் ஒரு ஞாயிறு நீங்களே வந்து பாருங்கள்.

தனபாக்கியம்


உ
போர்ட் பிளேர் ஜெட்டி
22.4.1968

தனம்,

சொல்லாமல் வந்தேன். பிள்ளைகளை மெட்ராஸ் கப்பலில் ஏற்றத்தான் வந்தேன்.

நேற்று சர்ச்சில் கூட்டத்தோடு கூட்டமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு, கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றேன். நீ யாரோடு பேசுகிறாய் என்று வேவு பார்த்தேன். யாரோடும் பேசவில்லை. முழங்காலில் நின்றாய். மங்கை உன் மடியில் தலைவைத்து ஏதோ முனகிக்கொண்டிருந்தாள். அவள் அலறாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

பாட்டு முடியுமுன் வெளியே வந்தால் என் செருப்பு கழற்றிய இடத்தில் இல்லை. திருடிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வரிசையில் தேடினேன். உன் செருப்புக்கும் மங்கையின் குட்டிச் செருப்புக்கும் நடுவில் இருந்தது. நிக்கோபாரில் வாங்கிய புதுச் செருப்பு, பன்னீர் கண்ணால்கூடக் கண்டதில்லை. பக்கத்தில்தான் குந்தியிருந்தான். அப்போதும் தலை நிமிரவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. செருப்பை எடுக்கவும் மனம் வரவில்லை, வீட்டுக்கு வரவும் முகமில்லை. வெறுங்காலோடு ஜெட்டிக்கு வந்துவிட்டேன். டிக்கெட்டை ரத்து செய்து அக்காவுக்குத் தந்தி கொடுத்தாயிற்று.

உன் சாமிமேல் எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லை. உபதேசியார்மேலும் இல்லை. இங்கேயே மாற்றல் கேட்டு எழுதப்போகிறேன்.

யாருடையது என்று தெரியாமல் ஒரு பழுப்புச் செருப்பை நீ வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பாய். பன்னீர் அதை எங்கே வைக்கிறானோ அங்கேயே இருக்கட்டும். நான் வந்து போட்டுக்கொள்கிறேன்.

குழந்தைவேலு