ஸ்டார்ட் ஆகாத வரை என் கார்

அக். 27, திங்கள்
காலையிலிருந்து தூறல். கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பரம சந்தோஷம்.

இந்த மயிலாப்பூர் அடுக்ககத்தை இடிக்கப் போகிறார்கள். அடுத்த மாதம் வேளச்சேரி. அங்கே ஒரு கார் நிறுத்தத்தான் இடம். அது என் மனைவி வசந்தாவின் காருக்கு. என் பழைய ஜப்பான் ரோட்டரி எஞ்சின் காரைப் பார்க்க வியாழனன்று அடையாறு டாக்டர் வருகிறார். ஸ்டார்ட் ஆனால் எடுத்துக்கொள்வார், இல்லாவிட்டால் வேண்டாமாம். அவர் வேண்டாமென்றால் தி.நகர் சித்தப்பாவின் காலி ஷெட்டில் போட்டுக்கொள்ளலாம். வசந்தா வாயாலேயே சொன்னது.

வாங்க: கொசுவத்தி, பி.பி. மாத்திரை, அட்டைப்பெட்டி.

அக். 28, செவ்வாய்
மழை. வசந்தா ஏற்பாட்டில் மெக்கானிக் கபீர் பாய். பானெட்டைத் திறந்து நெடுநேரம் மௌன அஞ்சலி.

"இன்னா சார், பிஸ்டனே காணோம்? எவனோ உருவிக்கினு பூட்டான் போல கீது."

"ரோட்டரி பாய். பிஸ்டனே கிடையாது. முக்கோணமா ஒண்ணு உள்ள சுத்தும்."

"அப்ப கிரைண்டர்னு சொல்லு நைனா!"

பாட்டரி மாற்றினார். ஓடவில்லை. டீ குடித்தார். அப்போதும் ஓடவில்லை.

மூன்றாம் மாடி மாமி வசந்தாவிடம்: "உங்காத்துக்காரரும் காரும் ஒரே மாடல் போலிருக்கு. காலம்பற கிளம்பறதே இல்லையே." வசந்தா தேவைக்கு மேல் சிரித்தாள்.

அக். 29, புதன்
வெயில். கார் கொஞ்சம் இருமிவிட்டுப் படுத்தது. ஈரத்தில் பிணம், வெயிலில் இருமல். அப்படியானால் கோளாறு பெட்ரோலில் இல்லை, தீப்பொறியில். புரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

மச்சினன் முரளி திறந்தான். "இத்தனை வருஷமா ரோட்டரி ரோட்டரின்னு பேசிண்டே இருக்கேள் அத்திம்பேர். ஸ்பேனரைத் தொட்டதுண்டா?"

"விடுடா. அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றாள் வசந்தா. ஆறுதலாக. அதுதான் சுட்டது.

கீழே எங்கள் கார் ஷெட் கதவைச் சாத்தி இருட்டாக்கினேன். முரளியைச் சாவி திருப்பச் சொன்னேன். நாலு பிளக். நாலிலும் நீலப்பொறி, உள்ளே போகாமல் வெளியே நெளிகிறது. பிளக்கின் மேல்தொப்பியைக் கழற்றினால் வெள்ளைப் பீங்கானில் சந்தனம், குங்குமம். ஈரத்தை வாங்கிக்கொண்டு மின்சாரத்தைக் கசியவிட்டிருக்கிறது.

"யார் வேலைடா இது?"

"ஆயுத பூஜைக்கு நான்தான்... பிளக்கும் ஆயுதம்தானே அத்திம்பேர்?"

ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். ஒரே திருப்பு. உறுமல்! முரளி முகத்தில் ஈயாடவில்லை. நிற்கவைத்துப் பிரசங்கம் செய்தேன். எப்பேர்ப்பட்ட வெற்றி.

வசந்தா பொறுமையாகக் கேட்டாள். "அப்ப நாளைக்கு டாக்டர் தாராளமா வரலாம்."

அப்போதுதான் உறைத்தது. முட்டாள். முட்டாள்.

அக். 30, வியாழன்
கொட்டுகிறது. சந்தனம் மட்டும் அப்படியே இருந்திருந்தால் கடவுளே வந்தாலும் ஸ்டார்ட் ஆகியிராத மழை.

பூஜை அலமாரி காலி. எல்லாம் மூட்டை கட்டியாயிற்று.

"என்ன தேடறேள்?"

"சந்தனம். நெத்திக்கு."

"என்னிக்கு இட்டுண்டிருக்கேள்?"

டாக்டர் வந்தார். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட். "அருமையா வெச்சிருக்கீங்க சார்." முரளிக்கு என்ன பெருமை! "எங்க அத்திம்பேரே கண்டுபிடிச்சு சரிபண்ணினது!" நேற்றுவரை வாய் வேலை, இன்று விஞ்ஞானி.

டாக்டர் ஓட்டிப்போன கார் லஸ் முனை திரும்பும் வரை சத்தம் கேட்டது. ஷெட்டில் எண்ணெய்க் கறை. அதன்மேல் பெட்டிகளை அடுக்கச் சொன்னாள் வசந்தா. அடுக்கிக்கொண்டிருந்தபோது மேலிருந்து மாமி:

"இன்னிக்குக் காலம்பறயே கிளம்பிடுத்தே!"

கிளம்பிடுத்து மாமி, என்றேன்.