ஆக்ரே குதிரைகளுக்குப் போன விதைக் கோதுமை

வால்செகா, எப்ரோ ஆற்றங்கரை
புனித மார்த்தீன் திருநாளுக்கு மறுநாள்

கடலுக்கு அப்பால் ஆக்ரே கோட்டையில் சிலுவைப் போர் செய்யும் நம் மடத்து வீரர்களின் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் என் தம்பி எனெகோவுக்கு, அக்கா தோதா சொல்லச் சொல்ல உப்பு வியாபாரி எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும்.

மடத்துப் பாதிரியாரிடம் போயிருந்தால் பாதியைத்தான் எழுதியிருப்பார். அதனால் இந்த ஆளைப் பிடித்தேன்.

இந்த வருஷமும் ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான். விளைந்ததில் மடத்துப் பங்கு போக, விதைக்கென்று கொஞ்சம் கோதுமை வைத்திருந்தோம். அறுவடை முடிந்ததும் மடத்துப் பண்ணைத் தலைவர் கோயிலில் எழுந்து நின்று, "நம்ம எனெகோ சொல்லி அனுப்பியிருக்கான். அங்க குதிரைங்க பட்டினி கிடக்குதாம். இப்படியே போனா படையே படுத்துடுமாம்" என்றார். எனக்கு ஒரே பெருமை, தம்பி. முதல் ஆளாக விதை மூட்டையைத் தூக்கிக் கொடுத்தவள் நான்தான். என்னைப் பார்த்து ஊரே கொடுத்தது. விதைப்புக்குள் பதில் விதை தருவதாகச் சொன்னார்கள். இப்போது போய்க் கேட்டால், "கடவுளுக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேப்பீங்களா?" என்கிறார் தலைவர்.

கலப்பை சுவரில் சாய்ந்தபடியே நிற்கிறது. கிணற்றடியில் என்னைக் கண்டால் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். ஒருத்தி மட்டும், "உன் தம்பியோட குதிரை நல்லா கொழுத்துச்சாடி?" என்று கேட்டாள்.

ஓரியாவைப் பற்றிச் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். நீ தோளில் தூக்கித் திரிந்த என் மகள். கோதுமை தீர்ந்துபோய், காட்டுக்கொட்டை மாவில் சுட்ட ரொட்டி அவள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. போய்விட்டாள், தம்பி.

அன்று உன் மச்சான் கலிந்தோ கூரையில் ஏறினார். ராஜாவின் வரிக்காரர்கள் நம் வாசலை மிதிக்காமல் இருக்க, அப்பா நிலத்தை மடத்துக்குக் கொடுத்துவிட்டு நட்டுவைத்த சிலுவை இருக்கிறதே, அதைப் பிடுங்கினார். பக்கத்து வீட்டார், "அடப்பாவி, வரிக்காரன் வந்துருவான்டா!" என்று கத்தினார்கள். "வரட்டும். எடுத்துட்டுப் போக என்ன இருக்கு?" என்றார். நான் தடுக்கவில்லை.

நாங்கள் ஊரைவிட்டுப் போகிறோம். நீ திரும்பி வந்தால் கூரையில் அந்தச் சிலுவையைத் தேடாதே. கல்லறைத் தோட்டத்தில் ஓரியாவின் தலைமாட்டில் இருக்கும்.

அந்தச் சேதியை நிஜமாகவே நீதான் அனுப்பினாயா என்று கேட்கமாட்டேன். இனி யாரும் உன் பெயரைச் சொல்லித் தானியம் கேட்க விடாதே. என்னிடம் வந்து கேட்டால், நான் மறுபடியும் கொடுத்துவிடுவேன்.

நீயாவது வயிறார இரு.

உன் அக்கா,
தோதா